கழுதையின் மேல் விழுந்த பழி

பிரெஞ்சு வழியில் படித்த நாட்களில் லா ஃபோந்தேனின் பாட்டுக் கதை ஒன்றை மனப்பாடம் செய்திருக்கிறோம். விலங்குகளிடையே கொள்ளைநோய் பரவுகிறது. யார் செய்த பாவம் இது என்று சபை கூடி விசாரிக்கிறார்கள். சிங்கம் முதலிய பெரியவர்கள் தப்பித்துக்கொள்ள, ஒரு வாய் புல் மேய்ந்த கழுதை குற்றவாளி ஆகிறது.

கால்நடை நோய்களின் வரலாற்றைப் படிக்கும்போது அந்தக் கழுதைதான் நினைவுக்கு வருகிறது.

மாடுகளைக் கொன்று குவித்த வெக்கை நோய் ஐரோப்பாவை நெடுங்காலம் ஆட்டிப் படைத்தது. 1761-இல் பிரான்சின் லியோன் நகரில் முதல் கால்நடை மருத்துவப் பள்ளி ஏற்பட்டதற்கு அந்த நோயும் ஒரு முக்கியக் காரணம். 1880-களின் இறுதியில் அது ஆப்பிரிக்காவுக்குள் நுழைந்தது. மாடுகளோடு காட்டெருமைகளும், வில்டபீஸ்ட் என்னும் பெரிய மான்களும் மடிந்தன. நோய் காட்டு விலங்குகளிடம்தான் குடியிருக்கிறது என்ற சந்தேகம் பல காலம் இருந்தது.

உண்மை வேறு. செரெங்கெட்டியைச் சுற்றியிருந்த மாடுகளுக்குத் தடுப்பூசி போட்ட பிறகு, 1963 வாக்கில் வில்டபீஸ்ட்களிடமும் நோய் மறைந்தது. 1961-இல் சுமார் 2.5 லட்சமாக இருந்த அவற்றின் எண்ணிக்கை 1977-இல் 13 லட்சத்தைத் தாண்டியது. நோய் மாட்டிலிருந்துதான் காட்டுக்குப் போயிருக்கிறது. இது தெளிவாக எழுபது ஆண்டுகள் ஆயின. 2011-இல் வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிந்ததாக அறிவித்தார்கள்.

ஏன் இவ்வளவு தாமதம்? காட்டில் செத்த விலங்கு வெயிலில் சீக்கிரம் அழுகிவிடும். மாதிரியைப் பனிக்கட்டியில் வைத்துத் தொலைதூர ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். முடிவு வருவதற்குள் நோய் அடுத்த மந்தைக்குப் போய்விடும்.

இங்கேதான் நானோ தொழில்நுட்பம் உதவுகிறது. ஒரு மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். தங்கத்தை அந்த அளவுக்குப் பொடியாக்கினால் மஞ்சள் போய்ச் சிவப்பாகத் தெரியும். 1857-இல் லண்டனில் மைக்கேல் ஃபாரடே இதை ஆராய்ந்து எழுதினார். அந்தத் துகள்களில் நோய்க்கிருமியைப் பற்றிக்கொள்ளும் புரதத்தை ஒட்டிக் காகிதப் பட்டையில் வைக்கிறார்கள். மாதிரி நீரில் வைரஸ் இருந்தால், அதோடு சேர்ந்து தங்கமும் ஒரு கோட்டில் சிக்கிச் சிவப்பாகத் தெரியும். கொரோனா காலத்தில் வீட்டில் சோதித்துப் பார்த்தோமே, அதே முறை. வைரஸ் ஒட்டியதும் மின்னோட்டம் மாறும் நுண்கருவிகளையும் உருவாக்கி வருகிறார்கள்.

இதன் அவசியத்தை மங்கோலியாவில் பார்த்தோம். 1942-இல் ஐவரி கோஸ்டில் பிரெஞ்சுக்காரர்கள் முதலில் விவரித்த ஆட்டுக்கொல்லி நோய், 2016-இல் மங்கோலிய ஆடுகளைத் தாக்கியது. அந்தக் குளிர்காலத்திலேயே சைகா என்னும் அரிய மான்கள் ஆயிரக்கணக்கில் செத்தன. இந்த நோய்க்கும் உடனடிச் சோதனைப் பட்டை உண்டு. கண்ணிலோ மூக்கிலோ ஒற்றி எடுத்த நீர் போதும்.

யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று பட்டை சொல்லாது. ஆனால் எந்த இடத்தில், எந்தத் தேதியில் நோய் இருந்தது என்பதை அன்றே எழுதி வைக்கலாம். அந்த வரிசையைப் பார்த்தால் வழி தெரியும், தடுப்பூசியை எங்கே போடுவது என்றும் தெரியும். குமாஸ்தா வேலை பார்த்த எனக்குத் தேதி போட்ட ஒரு பதிவின் அருமை தெரியும். அந்தச் சபையில் அப்படி ஒரு பதிவு இருந்திருந்தால் கழுதை பிழைத்திருக்கும்.