காரைக்காலுக்கு எதுக்குய்யா ஹீட்டர்?

பொட்டி தட்டுற வேலைக்கு நாலு நாள் லீவு போட்டுட்டு காரைக்கால் போயிருந்தேன். அங்க மாமாவோட பிக்கப் வண்டி, டேஷ்போர்டு மொத்தமும் கழட்டுன நிலைமையில நிரவி பக்கம் ஒரு பட்டறையில நிக்குது. "என்ன மாமா ஆச்சு?"ன்னு கேட்டா, "ஹீட்டர் மாத்துறோம் மாப்ள"ங்கிறார். மார்கழியிலயே ஃபேன் போட்டுத் தூங்குற ஊருக்கு எதுக்குய்யா ஹீட்டர்னு சிரிச்சுட்டேன் :-)

சிரிச்சது தப்புன்னு அப்புறம்தான் புரிஞ்சுது.

மாமா துறைமுகத்துலேர்ந்து மீன் ஏத்திக்கிட்டு ஊட்டி வரைக்கும் போறவர். போன வருஷமே கால்மாட்டுல இருக்கிற மேட் நனைஞ்சிருக்கு. வண்டிக்குள்ள இனிப்பா ஒரு வாசனை, கண்ணாடியில பிசுக்கு மாதிரி படலம். ஹீட்டர் கோர் ஒழுகியிருக்கு. நம்ம ஊருக்கு இது தேவையில்லைன்னு, அதுக்குப் போற ரெண்டு ஹோஸையும் ஒண்ணா இணைச்சு விட்டாச்சு. பத்து நிமிஷ வேலை. காரைக்கால்ல ஒரு குறையும் தெரியல. டிசம்பர்ல ஒரு ராத்திரி, மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது முன் கண்ணாடி உள்பக்கம் மொத்தமா பனி படிஞ்சிடுச்சு. ஒரு கையில ஸ்டீயரிங், ஒரு கையில துண்டு. ஒரு வளைவுல எதிர்ல வந்த பஸ்ஸைக் கடைசி நொடியிலதான் பார்த்திருக்கார். "உங்க அத்தையோட தாலி பாக்கியம் மாப்ள"ன்னு சொல்லும்போது அவர் சிரிக்கல.

அதுக்கப்புறம்தான் இந்தச் சமாசாரத்தோட கதையைத் தேடிப் படிச்சேன். படிச்சதைச் சொல்றேன், கேளுங்க.

எஞ்சினுக்கு ஆரம்பத்துலேர்ந்தே சூடுதான் தலைவலி. கார்ல் பென்ஸ் 1886ல காப்புரிமை வாங்கின வண்டியில ரேடியேட்டரே கிடையாது. தண்ணி கொதிச்சு ஆவியாப் போகும், நாம ஊத்திக்கிட்டே இருக்கணும். 1888ல அவர் மனைவி பெர்த்தா ரெண்டு பசங்களைக் கூட்டிக்கிட்டு மான்ஹைம்லேர்ந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரைக்கும் சுமார் 100 கிலோமீட்டர் ஓட்டிப்போனாங்க. வழியெல்லாம் நிறுத்தி நிறுத்தித் தண்ணி ஊத்தித்தான் போய்ச் சேர்ந்தாங்க. இதை மாத்தினவர் வில்ஹெல்ம் மேபாக். 1900ல தயாரான மெர்சிடிஸ் 35 எச்பி வண்டிக்கு, 6 மில்லிமீட்டர் அகலத்துல 8,070 குட்டிக் குழாய்களைச் சேர்த்து தேன்கூடு மாதிரி ரேடியேட்டர் செஞ்சார். அதே தண்ணி சுத்திச் சுத்தி வரும், சூடு மட்டும் காத்துல போயிடும்.

இங்கதான் வேடிக்கை. எஞ்சின் சூட்டைக் காத்துல விட்டுட்டு, ஓட்டுறவர் கம்பளியைப் போர்த்திக்கிட்டு நடுங்கினார். சிகாகோவைச் சேர்ந்த மார்கரெட் வில்காக்ஸ் 1893லயே 'கார் ஹீட்டர்' காப்புரிமை வாங்கிட்டாங்கன்னு நிறைய இடத்துல போட்டிருக்கும். அந்தக் கார் ரயில் பெட்டிங்க, மோட்டார் கார் இல்ல! மோட்டார் கார்ல முதல்ல புகைக்குழாய்ச் சூட்டைத்தான் உள்ள விட்டாங்க. ஓட்டை விழுந்தா விஷப்புகையும் கூடவே வரும். 1930கள்லதான் ரேடியேட்டருக்குப் போற சுடுதண்ணியில கொஞ்சத்தை ஒரு குட்டி ரேடியேட்டருக்குத் திருப்பி, அதுல ஃபேன் வச்சு ஊதுற முறை பரவுச்சு. 1938ல அமெரிக்காவோட நாஷ் கம்பெனி, வெளிக்காத்தை உள்ள இழுத்துச் சூடாக்கி அனுப்புற ஏற்பாட்டைக் கொண்டு வந்துச்சு. அந்தக் குட்டி ரேடியேட்டர்தான் ஹீட்டர் கோர். வெதுவெதுப்பான உலர்ந்த காத்து பட்டா கண்ணாடியில படிஞ்ச பனி காணாமப் போயிடும்.

அந்த இனிப்பு வாசனை கூலன்ட்டோடது, அதுல இருக்கிறது எத்திலீன் கிளைக்கால். 1850கள்ல இதை முதல்ல தயாரிச்சவர் வுர்ட்ஸ்ங்கிற பிரெஞ்சு வேதியியலாளர். அப்ப நம்ம காரைக்காலும் பிரெஞ்சுக்காரங்க கையிலதான் இருந்துச்சு :-) பேர்லயே இனிப்பு இருக்கு, கிரேக்க மொழியில 'கிளைகஸ்'னா இனிப்பு. ஆனா விஷம், ஜாக்கிரதை.

நம்மாளுங்க பங்கும் இந்தக் கதையில இருக்கு. ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்ல, அழுத்தத்தைப் பிடிச்சு வைக்கிற வால்வு. அழுத்தம் கூடினா தண்ணி 100 டிகிரியில கொதிக்காது, 120 பக்கம் வரைக்கும் தாங்கும். 1990கள்ல ஜெனரல் மோட்டார்ஸோட ரேடியேட்டர் மூடித் தயாரிப்பு இயந்திரங்களை விலைக்கு வாங்கி, தமிழ்நாட்டுக்குக் கொண்டு வந்து, இங்கேர்ந்தே அவங்களுக்கு மூடி ஏற்றுமதி பண்ணினது டி.வி.எஸ் குழுமத்தைச் சேர்ந்த சுந்தரம் ஃபாசனர்ஸ்.

அதே அழுத்தம் ஹீட்டர் கோருக்குள்ளயும் இருக்கு. நிறைய வண்டியில ஹீட்டர் போடலைன்னாலும் தண்ணி அதுக்குள்ள ஓடிக்கிட்டேதான் இருக்கும். மாமா வருஷக்கணக்கா ஊத்தினது நம்ம கடலோரத்து உப்புக் குழாய்த் தண்ணி. அலுமினியம் எத்தனை நாள் தாங்கும்? அந்தக்கால செம்பு, பித்தளைக் கோர்னா ஈயம் வச்சு அடைச்சிடலாம். அலுமினியத்துல அந்த வேலை நடக்காது, மாத்தித்தான் ஆகணும்.

எங்க ஆபீஸ்லயும் இந்தக் கதை உண்டு. யாரும் கூப்பிடாத பழைய ஃபங்ஷன் ஒண்ணு இருக்கும். வேண்டாம்னு தூக்கினா, வருஷத்துல ஒரு நாள் ஓடுற ரிப்போர்ட் படுத்துடும். அந்த ஒரு நாள்தான் மாமாவுக்கு ஊட்டி மலையில வந்துச்சு.

புது கோர் மாட்டி, பழைய தண்ணியை இறக்கி அலசி, கூலன்ட் ஊத்தி, காத்து எடுத்து முடிக்க ரெண்டு நாள் ஆச்சு. பட்டறை வாசல்ல வெயில் கொளுத்துது. மாமா ஹீட்டரைப் போட்டுட்டு முன் கண்ணாடிக்குக் கீழ இருக்கிற துவாரத்துல கையை நீட்டிப் பார்த்தார். வேர்த்துக் கொட்டுது மனுஷனுக்கு. ஆனா மூஞ்சியில ஒரு நிம்மதி.

தோள்ல கிடந்த துண்டால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டு, "இனிமே இது இதுக்கு மட்டும்தான் மாப்ள"ன்னார்.