விமானப்படைக்கு 18,000 பேர் போதும், ஆனால் எந்த 18,000 பேர்?

2030ஆம் ஆண்டளவில் இராணுவத்தை ஒரு இலட்சமாகவும், கடற்படையை 40,000 ஆகவும், விமானப்படையை 18,000 ஆகவும் குறைக்கப் போவதாக அரசாங்கம் அறிவித்துள்ளது. இது பற்றி எழுதுவோர் பெரும்பாலும் இராணுவத்தின் எண்ணிக்கையோடு நின்றுவிடுகின்றனர். என்னுடைய கவலை விமானப்படை பற்றியது. ஏனெனில் அங்கு ஆட்குறைப்பையும் விமானங்களையும் பிரித்துப் பார்க்க முடியாது.

2025ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் கே-8 பயிற்சி ஜெட் ஒன்று வாரியபொலவில் வீழ்ந்தது. விமானிகள் இருவரும் உயிர் தப்பினர். மே 9ஆம் திகதி மாதுறு ஓயாவில் பெல் 212 ஹெலிகொப்டர் வீழ்ந்து படையினர் 6 பேர் பலியாகினர். நவம்பர் இறுதியில், டித்வா புயல் நிவாரணப் பணியின்போது லுணுவிலவில் இன்னொரு பெல் 212 வீழ்ந்து விமானி உயிரிழந்தார். இவை எல்லாவற்றுக்கும் விமானத்தின் வயதுதான் காரணம் என்று சொல்வது நியாயமல்ல. ஆயினும் பெல் 212இன் உற்பத்தி 1998இலேயே நின்றுபோனது என்பதையும், வெள்ளம் வந்தால் நாம் இன்றும் அதையே நம்பியிருக்கிறோம் என்பதையும் மறக்கலாகாது.

எமது விமானப்படையின் பெரிய சிக்கல் பழைமையை விடவும் கலப்புத்தான். எப்-7, கே-8, வை-12 ஆகியவை சீனாவினுடையவை. எம்.ஐ.-17 ரஷ்யத் தயாரிப்பு. சி-130, பெல், கிங் எயார் ஆகியவை அமெரிக்கத் தயாரிப்பு. கிபிர் இஸ்ரேலுடையது. 2022 ஓகஸ்டில் இந்தியா ஒரு டோனியர் 228 தந்தது. 2024 ஒக்டோபரில் அமெரிக்கா ஒரு கிங் எயார் தந்தது. இலவசமாகக் கிடைத்தாலும் ஒவ்வொரு ரகத்துக்கும் தனியான உதிரிப்பாகம், தனியான கருவி, தனியாகப் பயிற்றப்பட்ட தொழில்நுட்பவியலாளர் வேண்டும். ஒரு ரகத்தில் கைதேர்ந்தவர் மறுநாளே இன்னொன்றின் இயந்திரத்தில் கைவைக்க முடியாது. ஆட்களைக் குறைப்பதென்றால் முதலில் ரகங்களைக் குறைக்க வேண்டும்.

எதிலிருந்து தொடங்குவது? என் பார்வையில் போர் ஜெட்களிலிருந்து. 1996இல் வாங்கத் தொடங்கிய கிபிர்களில் ஐந்தை மேம்படுத்த 2021இல் 50 மில்லியன் டொலருக்கு ஒப்பந்தம் செய்யப்பட்டது. அடுத்த ஆண்டே நாடு வங்குரோத்தானது. இஸ்ரேல் நிறுவனமொன்றுடனான ஒப்பந்தம் என்ற ஆட்சேபணையை ஒருபுறம் வைத்துவிட்டு, வெறும் கணக்காகப் பார்த்தாலும் கேள்வி எழுகிறது. அந்த ஐந்தும் யாரை எதிர்த்துப் பறக்கும்?

எமது கடல்சார் பொருளாதார வலயம் நிலப்பரப்பைப் போல் சுமார் எட்டு மடங்கு. 2020 செப்டெம்பரில் சங்கமன்கண்டிக்கு அப்பால் நியூ டயமண்ட் எண்ணெய்க் கப்பல் எரிந்தபோது அம்பாறைக் கரையோரமே அஞ்சியது நினைவிருக்கும். அன்று தேவைப்பட்டவை தண்ணீர் கொட்டும் ஹெலிகொப்டர்களும் கண்காணிப்பு விமானங்களும்தான். 2014 முதல் மத்திய ஆபிரிக்கக் குடியரசில் ஐ.நா. பணியிலிருக்கும் எம்.ஐ.-17கள் அந்நியச் செலாவணியையும் ஈட்டித் தருகின்றன. ஜெட்டால் இது முடியாது.

இனி ஆளணி. முன்கூட்டியே விலகச் சலுகை வழங்கினால் முதலில் போகிறவர் யார்? வெளியே வேலை கிடைக்கக்கூடியவர். விமான இயந்திரமும் மின்னணுச் சாதனமும் தெரிந்தவருக்கு வளைகுடா விமான நிறுவனங்களில் வாய்ப்பிருக்கிறது. காவலரணில் நிற்பவருக்கு இல்லை. 2001 ஜூலை கட்டுநாயக்க தாக்குதலுக்குப் பின் தளங்களைக் காக்க ஆட்கள் வேண்டியிருந்தது உண்மையே. யுத்தம் முடிந்து பதினைந்து வருடங்களுக்கும் மேலாகிவிட்டது. சீனக்குடாவில் கோல்ப் மைதானம் நடத்துவதும் விமானப்படைதான் என்பது பலருக்குத் தெரியாது. வெட்டுவதென்றால் அங்கிருந்து வெட்டலாம். தொழில்நுட்பப் பிரிவின் இடங்களை முதலில் பாதுகாத்து, சம்பளத்தையும் உயர்த்திய பிறகே சலுகைத் திட்டத்தைத் திறக்க வேண்டும்.

18,000 ஆகக் குறைந்தாலும் ஆட்சேர்ப்பு நிற்காது. விலகுவோருக்குப் பதிலாகத் தொழில்நுட்பம் படித்தவர்கள் தேவைப்படுவர். வெள்ளத்தில் கூரையில் நிற்கும் அக்கரைப்பற்றுத் தாயிடம், கயிற்றில் இறங்கி வருபவர் தமிழில் பேசினால் எவ்வளவு உதவி! உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவில் படிக்கும் எமது பிள்ளைகளிடம் விமானப்படை விண்ணப்பம் பற்றி எத்தனை பாடசாலைகள் பேசுகின்றன?