பாம்பு பிடிக்கும் கைகள்

மழைக்காட்டு ஆறுகளில் ஓடமேறிச் சென்று அரிய விலங்குகளைப் பிடித்துவந்த ஐரோப்பியரின் கதைகளை மாணவர்கள் விரும்பிப் படிப்பதுண்டு. அவர்களுக்குத் தடங்காட்டி உதவியவர்கள் அக்காட்டு மக்கள். ஆயினும் நூல்களில் அம்மக்களின் பெயர்களைக் காண்பது அரிது.

அத்தகைய அறிவுடையோர் நம்மிடையேயும் உளர். தேர்வாய் கண்டிகையில் இன்று தொழிற்பேட்டையும் நீர்த்தேக்கமும் காண்கிறோம். அவ்வூர் அமைந்த திருவள்ளூர் மாவட்டத்திலும், தெற்கே செங்கற்பட்டு மாவட்டத்திலும் வாழும் இருளர்களே அவர்கள். மண்ணில் பதிந்த தடத்தையும், வளைவாயிலில் கிடக்கும் சட்டையையும் கொண்டே உள்ளிருக்கும் பாம்பு இன்னதென்று அவர்கள் கூறிவிடுவர்.

இவ்வறிவு நெடுங்காலம் தோல் வணிகத்திற்கே பயன்பட்டது. பாம்புத்தோல் அயல்நாடுகளில் கைப்பையாகவும் காலணியாகவும் மாறிற்று. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பெற்றது. 1976இல் பாம்புத்தோல் ஏற்றுமதி தடைசெய்யப்பட்டது. பாம்பு பிழைத்தது, பாம்பு பிடிப்போரின் பிழைப்புப் போயிற்று.

அந்நிலையில், சென்னைப் பாம்புப் பண்ணையை நிறுவிய ராமுலஸ் விட்டேக்கரின் துணையோடு, 1978இல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. வனத்துறையின் அனுமதி பெற்று, நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் அவர்கள் பிடிப்பர். வடநெம்மேலியில் மட்பானைகளுள் ஏறத்தாழ மூன்று வாரம் வைத்து, நான்கு முறை நஞ்செடுப்பர். பின்னர் வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டுக் காட்டில் விட்டுவிடுவர்.

உலர்த்திய நஞ்சு மருந்து நிலையங்களுக்குச் செல்கிறது. அங்கே அதனைக் குதிரையின் உடலிற் சிறுகச் சிறுகச் செலுத்துவர். அதன் குருதியில் நஞ்சை எதிர்க்கும் பொருள் உண்டாகும். அதைப் பிரித்தெடுத்தே கடிக்கு மருந்து செய்கின்றனர். 2000 முதல் 2019 வரை ஏறத்தாழ 12 லட்சம் இந்தியர் பாம்புக்கடியால் மாண்டனர் என்று ஆய்வொன்று மதிப்பிட்டுள்ளது. இம்மருந்தின் அருமையை இதனால் உணரலாம்.

அமெரிக்காவின் புளோரிடாச் சதுப்பு நிலங்களில் பர்மிய மலைப்பாம்புகள் புகுந்து பெருகி, அங்குள்ள உயிரினங்களை அழித்துவந்தன. அவற்றைப் பிடிக்க 2017இல் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர் இருவர் அழைக்கப்பெற்றனர். இரண்டு வாரத்திற்குள் 13 பாம்புகள் அகப்பட்டன. 2023இல் இவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

மாணவர்களே, உயிரைப் பறித்த அதே கைத்திறன் உயிரைக் காக்கும் தொழிலாயிற்று. அறிவு பழையதே, அதனைச் செலுத்திய வழியே புதிது. பெயரின்றி மறைந்த எத்தனையோ வழிகாட்டிகளுக்கிடையே இவ்விருவரின் பெயர்கள் வரலாற்றில் இடம்பெற்றுவிட்டன. அவற்றை நீங்களும் நினைவிற் கொள்ளுங்கள்.