கொழுப்பு ஒட்டு அறுவை: மெலிந்த உடலும் அதன் பள்ளங்களும்

ஒருவரின் உடலில் ஓரிடத்துக் கொழுப்பை எடுத்து, அதே உடலில் பள்ளம் விழுந்த வேறோர் இடத்தை நிரப்புவது கொழுப்பு ஒட்டு அறுவை. பிறர் கொழுப்பு உதவாது. உடல் அதை ஏற்காது. தீக்காயம், விபத்து, புற்றுக்கட்டி நீக்கம், தொழுநோய், போலியோ, முகத்தின் ஒரு பாதி மட்டும் வற்றிப்போகும் பாரி–ராம்பர்க் நோய் எனப் பள்ளம் விழக் காரணங்கள் பல. பருத்தவருக்கு இது எளிய கணக்கு. ஒல்லியானவருக்குச் செலவு பெரிது, கையிருப்பு சிறிது.

1893இல் ஜெர்மனியின் குஸ்டாவ் நாய்பர், கண்ணுக்குக் கீழே எலும்போடு ஒட்டிக் குழிந்திருந்த ஒரு தழும்பைக் கையிலிருந்து எடுத்த கொழுப்பால் நிரப்பினார். பாதாம் பருப்பளவுக்கு மேற்பட்ட துண்டுகள் நிலைப்பதில்லை என்பதையும் அவரே கண்டார். இரண்டு ஆண்டுகள் கழித்து வின்சென்ட்ஸ் செர்னி, ஒரு பெண்ணின் உடலிலிருந்த கொழுப்புக் கட்டியை எடுத்து, அறுவையால் குறைந்துபோன மார்பகத்தில் வைத்தார். முதல் உலகப் போரில் முகம் சிதைந்த வீரர்களுக்கு ஹெரால்ட் கில்லிஸும் எரிக் லெக்ஸரும் இந்த முறையைக் கையாண்டார்கள். ஆனாலும் வைத்ததில் ஏறத்தாழப் பாதி ஓராண்டுக்குள் கரைந்துவிடுகிறது என்று 1950இல் லிண்டன் பியர் அளந்து சொன்னார். அதோடு ஆர்வம் குறைந்தது. 1970களில் இத்தாலியில் ஃபிஷர்களும் பாரிஸில் இல்லூஸும் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லிப்போசக்ஷனைக் கொண்டுவந்த பிறகே, எடுத்ததை வீணாக்காமல் திரும்பச் செலுத்தலாமே என்ற எண்ணம் பரவியது.

அந்த எண்ணத்தை ஒழுங்குக்குக் கொண்டுவந்தவர் நியூயார்க்கின் சிட்னி கோல்மன். மெல்லிய குழாயும் 10 மில்லி சிரிஞ்சும் கொண்டு, கையின் மெதுவான இழுப்பிலேயே கொழுப்பை எடுத்தார். சிரிஞ்சை நிமிடத்துக்கு 3000 சுற்று வேகத்தில் 3 நிமிடம் சுழற்றினால் உள்ளே மூன்று அடுக்கு தெரியும்: மேலே உடைந்த அணுக்களின் எண்ணெய், அடியில் இரத்தம் கலந்த நீர், நடுவில் வெண்ணெய் போல மஞ்சள் கொழுப்பு. நடு அடுக்கு மட்டுமே உதவும். அதையும் ஒரே இடத்தில் கொட்டுவதில்லை. குழாயைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே துளித்துளியாக, பல ஆழங்களில், பல திசைகளில் விடுவார்கள்.

நாஞ்சில் நாட்டாருக்கு இதை விளக்குவது சுலபம். கன்னிப்பூவுக்கோ கும்பப்பூவுக்கோ நடும்போது நாற்றுமுடியை அவிழ்க்காமல் அப்படியே ஊன்றினால் நடுநாற்று அழுகிப்போகும். பிரித்துப் பிரித்து நட்டால் வேர் பிடிக்கும். ஒட்டிய கொழுப்புக்கு முதல் சில நாள் சொந்த இரத்த ஓட்டம் கிடையாது, சுற்றியிருக்கும் திசுவில் ஊறிவரும் ஆக்சிஜன்தான் சோறு. விளிம்பு பிழைக்கும், உருண்டையின் நடு சாகும். செத்த பகுதி எண்ணெய்ப் பையாகவோ சுண்ணாம்பு படிந்த கட்டியாகவோ தங்கிவிடும்.

குமரி மாவட்டத்தில் இத்தகைய பள்ளங்களின் கதை நெய்யூரில் தொடங்குகிறது. லண்டன் மிஷன் 1838இல் மருத்துவப் பணி தொடங்கிய ஊர் அது. 1922இல் எவரெஸ்ட் பயணம் முடித்து வந்த அறுவை மருத்துவர் தியடோர் ஹோவர்ட் சாமர்வெல், அங்கே காத்திருந்த நோயாளிக் கூட்டத்தைப் பார்த்துவிட்டு லண்டன் வேலையை உதறினார். வெற்றிலைச் செல்லம் இல்லாத வீடு அரிதான காலம். நெய்யூர் மருத்துவர் ஐ. எம். ஓர், திருவிதாங்கூரில் வெற்றிலை போடுவோருக்கு வரும் வாய்ப்புற்றைப் பற்றி 1933இல் ‘லான்செட்’ இதழில் எழுதினார். கன்னத்துப் புற்றை அறுத்தாலும் கதிர் வைத்துச் சுட்டாலும் மிஞ்சுவது ஒன்றுதான்: எலும்போடு ஒட்டிய, இறுகிய குழி. அங்கே கொழுப்பு ஒட்டு நடந்தது என்று சொல்லவில்லை. அன்றைக்கு உயிர் பிழைப்பதே பெரிய காரியம். ஆனால் கதிரால் கெட்ட தோலடியில் கொழுப்பைச் செலுத்தினால் அது இளகுகிறது என்று 2007இல் இத்தாலியின் ரிகோட்டி குழு 20 நோயாளிகளைக் கொண்டு எழுதியபோது, அது இப்படிப்பட்ட கன்னங்களுக்கும் பொருந்தும் செய்தியாயிற்று.

சாமர்வெல் 1949இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்குப் போனார். அங்கே பால் பிராண்ட் தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்திக்கொண்டிருந்தார். விரல் நிமிர்ந்தாலும் ஒரு குறை நிற்கும். முழங்கை நரம்பு கெட்டவருக்குக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவிலுள்ள சதை வற்றிக் குழியாகிவிடும். கடையில் சில்லறை வாங்கக் கை நீட்டினாலே காட்டிக்கொடுக்கும் குழி அது. அதை உள்தோலும் கொழுப்பும் சேர்ந்த ஒட்டால் நிரப்புவது தொழுநோய் அறுவையில் வழக்கமாயிற்று. இதை அழகு சிகிச்சை என்று ஒதுக்குபவர்கள் அந்தச் சில்லறைக் கையை நினைத்துப் பார்க்கவேண்டும்.

கையிருப்பே இல்லாத நிலையை முழுதாகக் காட்டியது எச்.ஐ.வி. 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு இலவசக் கூட்டு மருந்தைத் தொடங்கியபோது முதல் மையங்களில் தாம்பரமும் ஒன்று. அந்த மருந்துக் கூட்டில் இருந்த ஸ்டாவுடின் உயிரைக் காத்தது. கூடவே கன்னம், கை கால், பிட்டம் எங்கும் கொழுப்பைக் கரைத்தது. ஒட்டிய கன்னமே நோயை ஊருக்குச் சொல்லியது. நிரப்ப நினைத்தால் எடுக்க இடமில்லை. கொழுப்புக்குப் பதிலாகப் பாலிலாக்டிக் அமில ஊசிக்கு அமெரிக்கா அதே 2004இல் அனுமதி கொடுத்தது. ஸ்டாவுடினைப் படிப்படியாக நிறுத்தும்படி உலக நலவாழ்வு நிறுவனம் 2009இல் அறிவுறுத்தியது.

மற்ற ஒல்லியானவர்களிடம் மருத்துவர் துழாவித்தான் எடுக்கவேண்டும். அடிவயிறு, இடுப்பின் பக்கவாட்டு, வெளித்தொடை, முழங்காலின் உட்புறம் என நாலைந்து இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக. ஒரே இடத்தில் வழித்தெடுத்தால் பழைய பள்ளம் போய்ப் புதுப் பள்ளம் வரும். பாதி கரையும் என்பதால் சற்றுக் கூடுதலாக வைப்பதும், சில மாதம் கழித்து மறுபடி செய்வதும் உண்டு. முகத்துக்குச் சில மில்லி போதும். பிட்டத்துக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும். அங்கேதான் ஆபத்தும். பிட்டத் தசைக்குள் செலுத்திய கொழுப்பு பெரிய சிரைக்குள் புகுந்து நுரையீரலை அடைத்த மரணங்கள் 2017இல் கணக்கெடுக்கப்பட்டு, தசைக்குள் போகவே கூடாது என்று எச்சரிக்கை வந்தது.

அறுவைக்கு முன் எடை வரலாறு கேட்பார்கள். “என்ன மக்ளே, இப்படி வத்திப் போயிட்டே?” என்று கல்யாண வீட்டில் கேட்கும் அத்தையின் கேள்விதான், மருத்துவ நோக்கம் வேறு. ஒட்டிய கொழுப்பு தன் பிறந்த இடத்துக் குணத்தை மறப்பதில்லை. மெலிந்தபோது வயிற்றிலிருந்து எடுத்துக் கன்னத்தில் வைத்தவர் பின்னாளில் தொப்பை போட்டால், வயிற்றோடு சேர்ந்து அந்தக் கன்னமும் உப்பும்.