ஓரணாச் சிற்றுண்டியும் கல்விக் கணக்கும்

1920 செப்டம்பர் 16 அன்று சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிற்றுண்டி தருவது. செலவு, தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவைத் தாண்டக் கூடாது. மன்றத் தலைவர் பிட்டி தியாகராயர் காட்டிய காரணம், அங்கே படிப்போர் ஏழைகள், அதனால் பள்ளியின் மாணவர் எண்ணிக்கையே பாதிக்கப்படுகிறது என்பது. இதை ஈகை என்று எழுதிவிட்டுப் போவது வழக்கம். தீர்மானத்தின் தர்க்கமோ நிருவாகம் சார்ந்தது: பிள்ளை வந்தால்தான் பள்ளி, வயிறு நிறைந்தால்தான் வருகை. அப்படியானால் உணவுச் செலவும் பள்ளிச் செலவுதான்.

திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. 1922-23இல் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25இல் 1,671 ஆனது. இந்த ஏற்றம் முழுவதையும் உணவின் பெயரில் எழுத முடியாது. 1920ஆம் ஆண்டின் தொடக்கக் கல்விச் சட்டம் நடைமுறைக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. ஏற்றத்தைவிட அதன்பின் வந்த இறக்கமே எனக்கு வலுவான சான்றாகப் படுகிறது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிடுவதை ஆங்கிலேய அரசு ஏற்க மறுத்ததால், 1925 ஏப்ரல் 1 முதல் சிற்றுண்டி நின்றது. சேர்க்கையும் சரிந்தது. பிறகு 25 பள்ளிகளில் 1,000 ஏழை மாணவர்களுக்காவது உணவு தர மாநகராட்சி முடிவெடுக்க வேண்டியதாயிற்று.

உணவுக்கும் கல்விக்கும் இடையே அன்று போட்ட கோடு இன்னும் அழியவில்லை. 1956இல் காமராசரும் 1982இல் எம்.ஜி.ஆரும் பள்ளி உணவுத் திட்டத்தை மாநிலம் முழுவதும் விரித்தார்கள்; கணக்கு மட்டும் இன்று பிரிந்தே நிற்கிறது. பாடம் பள்ளிக்கல்வித் துறைக்கு, சத்துணவு சமூகநலத் துறைக்கு. ஒரே வளாகத்தில் ஆசிரியர் ஒரு வருகைப் பதிவேடு வைத்திருக்கிறார், சத்துணவு அமைப்பாளர் இன்னொன்று வைத்திருக்கிறார். இரண்டும் மேலே வெவ்வேறு அலுவலகங்களுக்குப் போகின்றன. அவற்றை அருகருகே வைத்துப் படிக்காவிட்டால் உணவு வருகையை எப்படி மாற்றுகிறது என்பது தெரியாது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி தனியார் பள்ளியின் 25 விழுக்காட்டு இடங்களில் சேரும் பிள்ளைக்கு அரசு செலுத்தும் கட்டணமோ, கேள்வியின்றிக் கல்விச் செலவு ஆகிறது. அரசுப் பள்ளியிலிருந்து பிள்ளையை வெளியே அழைத்துச் செல்லும் பணம் கல்வி; அதே பிள்ளையை அங்கேயே இருத்தி வைக்கும் பணம் நலத்திட்டம். இந்தப் பாகுபாட்டை எப்படி நியாயப்படுத்துவது?

சோறு போட்டால் கூட்டம் சேரும், படிப்பு வராது என்பார்கள். உண்மைதான், சோறு கணக்குப் பாடம் நடத்தாது. ஆனால் நகரத்துக் குடிசைப் பகுதியில் விடிவதற்குள் வீட்டுவேலைக்கோ துப்புரவுப் பணிக்கோ கிளம்பும் தாயால் அடுப்பு மூட்ட முடிவதில்லை. வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்கு முதல் பாடவேளை வீணாகிறது. மதியச் சோறு அந்தப் பொழுதை மீட்டுத் தராது.

2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் இந்த இடத்தைத்தான் தொட்டது. முதற்கட்டத்தின் 1,545 பள்ளிகளில் 417 மாநகராட்சிகளில் இருந்தன. 237 தொலைதூர, மலைப்பகுதிகளில். ஊர்ப்புறங்களிலும் பள்ளிகள் சேர்க்கப்பட்டன என்றாலும், நகரச் சேரியையும் மலைக் குடியிருப்பையும் ஒரே பட்டியலில் வைத்தது சரியான முடிவு. பழனி மலையில் கேரட், பூண்டுத் தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் பெண்ணின் விடியற்காலையும் சென்னைத் தாயினுடையதைப் போன்றதுதான்.

1984இல் நிறுவப்பட்டு, கோடைக்கானல் அட்டுவம்பட்டியில் இயங்கும் அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் வரை, எது கல்விச் செலவு என்ற இதே கேள்வி தொடர்கிறது. மலையேறிப் படிக்க வரும் பெண்ணுக்குக் கட்டணத்தோடு விடுதியும் பேருந்தும் சாப்பாடும் சேர்ந்ததே படிப்பு. அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்களுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022இல் இதை ஓரளவு ஒப்புக்கொண்டது. அடுத்து ஆக வேண்டியது பள்ளி நிலையில்: உணவுப் பதிவேட்டையும் வருகைப் பதிவேட்டையும் பள்ளி மேலாண்மைக் குழு மாதந்தோறும் ஒன்றாக வைத்துப் பார்க்க வேண்டும், அரிசியும் அடுப்பும் சமைப்பவரின் ஊதியமும் கரும்பலகையோடும் ஆசிரியர் ஊதியத்தோடும் ஒரே கல்விச் செலவாக வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெற வேண்டும்.