கேள்வி நேரம் பிறந்து வளர்ந்த வரலாறு

பாராளுமன்றம் கூடியிருக்கும் நாட்களில் தலைநகரில் வாழும் நம் குடும்பங்களில் ஒரு மாறுதல் தென்படுவதுண்டு. மாலை ஆறு மணிக்கு வீடு திரும்ப வேண்டியவர் எட்டு மணியாகியும் வாரார். காரணம் கேட்டால், "பார்லிமெண்டுக் கேள்வி வந்துவிட்டது" என்பதே விடை. அதற்குமேல் எந்த இல்லத்தரசியும் விளக்கம் வேண்டுவதில்லை. நம் சங்க நாடகத்தின் ஒத்திகைக்கு வாராது நின்றவருக்கும் அதுவே சாக்கு. ஊரிலிருந்து வந்த மாமனாரை ரயிலடியில் எதிர்கொள்ளத் தவறியவருக்கும் அதுவே சாக்கு. சபையில் அமைச்சர் ஒரு நிமிஷத்தில் படித்துவிடும் விடையின் பின்னால், குமாஸ்தா முதல் செயலாளர் வரை எத்தனையோ பேருடைய இரவுகள் மறைந்து கிடக்கின்றன. அவ்விரவுகளிற் பல நம்மவருடையவை.

இத்துணைப் பரபரப்பை விளைவிக்கும் அந்தக் கேள்வி எங்கே பிறந்தது, நம் நாட்டிற்கு எவ்வாறு வந்தது, வந்து என்ன செய்தது என்பதை இவ்வாண்டு மலரில் சிறிது ஆராய்வோம்.

இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையில் 1721-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் தேதி ஏர்ல் கௌப்பர் என்பவர் எழுந்து அமைச்சரை நோக்கி ஒரு வினா விடுத்தார். அதுவே ஏடுகளில் பதிவான முதற் கேள்வி என்பர். தென்கடல் கம்பெனியின் பங்குகளை வாங்கி ஆயிரக்கணக்கானோர் பொருளிழந்த காலம் அது. அக்கம்பெனியின் தலைமைக் காசாளர் நாட்டைவிட்டு ஓடிவிட்டார். அவர் பிடிபட்டார் என்று ஊரில் உலவும் செய்தி மெய்தானா என்பதே கேள்வி. பொதுமக்கள் பணமும் கம்பெனிப் பங்கும் சேர்ந்து விளைவித்த குழப்பத்தில் கேள்வி நேரம் பிறந்தது என்பதை வாசகர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும். இருநூற்று முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து நம் மக்கள் சபையிலும் ஏறக்குறைய அதே கதை நடைபெற்றது. அதனைப் பின்னர்க் கூறுவோம்.

நம் நாட்டில் 1853-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த சட்டசபையில் இருந்தவர் பன்னிருவரே. ஆயினும் அவர்கள் அரசாங்கத்தின் செயல்களைப் பற்றி வினவவும் விவாதிக்கவும் தலைப்பட்டனர். இஃது இலண்டனில் இருந்தோர்க்குச் சிறிதும் உவக்கவில்லை. 1861-ஆம் ஆண்டுச் சட்டம், சபைக்கு வரும் மசோதாவைத் தவிர வேறெதையும் அங்கத்தினர் பேசலாகாது என்று வாயை அடைத்தது. முப்பது ஆண்டுகளுக்குமேல் அவ்வாய் அடைபட்டே கிடந்தது.

1892-ஆம் ஆண்டுச் சட்டத்தால் கதவு சிறிதளவு திறந்தது. ஆறு நாட்களுக்கு முன்னதாக எழுதிக் கொடுத்துவிட்டு ஒரு கேள்வி கேட்கலாம். அரசாங்கம் விடை படிக்கும். கேட்டவர் அமர்ந்துவிட வேண்டும். அவ்விடையைப் பற்றி விவாதமும் இல்லை, மறு கேள்வியும் இல்லை. இந்த உரிமையின்படி இந்தியச் சட்டசபையில் எழுந்த முதற் கேள்வி யாது தெரியுமா? 1893-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் தேதி பிங்கா அரசர் அதனைக் கேட்டார். அரசாங்க அதிகாரிகள் சுற்றுப்பயணம் வரும்போது அவர்களுக்கு உணவுப்பொருள் வழங்க நேர்ந்து கிராமத்துக் கடைக்காரர்கள் படும் துன்பத்தைப் பற்றியது அது. அரசியல் சீர்திருத்தமும் அன்று, ஆட்சியுரிமையும் அன்று. அரிசி, பருப்பு, நெய் பற்றிய கேள்வி! கேட்டவரோ ஓர் அரசர். அதிகாரி முகாம் போட்டால் கிராமத்துக் கோழிகள் குறையும் என்று நம் பாட்டனார் காலத்துப் பெரியோர் சொல்லக் கேட்டவர்கள், அக்கேள்வியின் அருமையை உணர்வார்கள்.

மிண்டோ-மார்லி சீர்திருத்தம் 1909-இல் வந்தபோது, மூலக் கேள்வியைக் கேட்டவர் மட்டும் துணைக் கேள்வி ஒன்றும் கேட்கலாம் என்றாயிற்று. 1919-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் மத்திய சட்டசபை 1921-இல் கூடியபின், எந்த அங்கத்தினரும் துணைக் கேள்வி கேட்கும் உரிமை வந்தது. இது சிறு மாற்றம்போலத் தோன்றும். உண்மையில் கேள்வி நேரத்துக்கு உயிர் வந்தது இங்கேதான். எழுதிக் கொடுத்த கேள்விக்கு எழுதி வைத்த விடை கிடைக்கும். அதற்கு அறிவு வேண்டியதில்லை, காலம் இருந்தாற் போதும். அவ்விடையைக் கேட்டவுடன் எழும் இரண்டாம் கேள்வியோ, நின்ற நிலையில் அமைச்சரைச் சந்திப்பது. பைலில் எழுதாததை அவர் தம் வாயாற் சொல்லியாக வேண்டும்.

இந்த இரண்டாம் கேள்வியைக் கலையாகவே வளர்த்தவர் நம் தீரர் சத்தியமூர்த்தி. புதுக்கோட்டைச் சீமைத் திருமயத்தில் 1887-இல் பிறந்த அவர், 1934-ஆம் ஆண்டுத் தேர்தலில் சென்னை நகரத் தொகுதியில் ஏ. இராமசாமி முதலியாரை வென்று மத்திய சட்டசபைக்கு வந்தார். அதற்குச் சற்று முன்னர்வரை அச்சபையின் தலைமைப் பீடத்தில் இருந்தவர் கோவை ஆர். கே. சண்முகம் செட்டியார்; பின்னர் அங்கே அமர்ந்தவர் சென்னை ஹைக்கோர்ட்டில் நீதிபதியாயிருந்த சர் அப்துர் ரஹீம். சென்னையை அறிந்தவர் சபையில் குறைவில்லை. எனினும் கேள்வி நேரம் என்றவுடன் நினைவுக்கு வந்த பெயர் சத்தியமூர்த்தியினுடையதே.

எதிரே அமர்ந்திருந்த நிர்வாக சபையினர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அல்லர். வாக்கெடுப்பில் தோற்றாலும் அவர்கள் பதவி விலக வேண்டியதில்லை. சபை தள்ளிய வரவு செலவைக்கூட வைசிராய் தம் கையொப்பத்தால் நிறைவேற்றிவிடுவார். அத்தகைய சபையில் காங்கிரஸ் கட்சியினர் கையில் எஞ்சியிருந்த ஆயுதம் என்ன? தீர்மானம் காகிதமாய் நின்றது. கேள்விக்கோ விடை சொல்லியாக வேண்டியிருந்தது. விடை வந்ததும், இது எப்போது தெரிந்தது, யாருடைய ஆணை, செலவு எவ்வளவு, இன்னும் ஏன் நடவடிக்கை இல்லை என்று ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுப்பது தீரரின் வழக்கம். அரசாங்க அறிக்கைகளையும் புள்ளி விவரங்களையும் ஊன்றிப் படித்தவராதலின், மறுப்பது அவர்களுக்கு எளிதாயில்லை. அக்காலத்தில் கேள்விக்குரிய குறிப்புகளைத் தயாரித்த காரியாலயங்களில் தமிழர் பலர் இருந்தனர். சபை சிம்லாவில் கூடியபோது மூட்டை முடிச்சோடு மலையேறியவர்களும் அவர்களே. தம்மூர்க்காரர் தொடுக்கும் அம்புகளுக்குத் தாமே கேடயம் செய்து கொடுக்க வேண்டிய நிலை! வெளியே சொல்லிக்கொள்ள முடியாத பெருமிதம் அவர்களுக்குள் இருந்திருக்கும் என்று நாம் எண்ணுகிறோம்.

1943 மார்ச் 28-ஆம் தேதி தீரர் மறைந்தார். தாம் கேள்வி கேட்ட இடத்தில் சுதந்திர நாட்டின் அமைச்சர்கள் விடை கூறுவதைக் காண அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை.

சுதந்திரத்திற்குப்பின் கேள்வியின் தன்மை மாறியது. விடை கூறுவோர் இப்போது சபைக்குப் பொறுப்பானவர். சபையின் நம்பிக்கையை இழந்தால் விலகியாக வேண்டியவர். மக்கள் சபையின் முதல் மணி கேள்விக்கென்றே ஒதுக்கப்பட்டது. நட்சத்திரக் குறியிட்டவற்றுக்கு வாய்மொழி விடையும் துணைக் கேள்விகளும் உண்டு. குறியில்லாதவற்றுக்கு எழுத்து மூலம் விடை. நாளொன்றுக்கு முன்னவை 20, பின்னவை 230 என்று இக்காலத்தில் வரையறை உள்ளது. மாநிலங்கள் சபையில் 2014 முதல் கேள்வி நேரம் நண்பகல் பன்னிரண்டு மணிக்குத் தொடங்குகிறது.

உரிமை விலைமதிப்புள்ளதானால் அதை விற்பவனும் தோன்றுவான் அன்றோ? 1951-ஆம் ஆண்டிலேயே, தற்காலிகப் பாராளுமன்றத்தின் அங்கத்தினர் எச். ஜி. முட்கல், பம்பாய்த் தங்கம் வெள்ளி வியாபாரிகள் சங்கத்திடம் பொருள் பெற்றுக் கேள்விகள் கேட்க முற்பட்டார் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. விசாரித்த குழுவின் தலைவர் டி. டி. கிருஷ்ணமாச்சாரி. குற்றம் மெய்யென்று குழு கண்டது. சபை வெளியேற்றுமுன் முட்கல் தாமே விலகினார். 2005-ஆம் ஆண்டு இதே குற்றத்துக்காக இரு சபைகளிலுமாகப் பதினொரு அங்கத்தினர் வெளியேற்றப்பட்டனர்.

முட்கலைத் தீர்ப்பிட்ட டி. டி. கே. அவர்களே ஆறு ஆண்டுகளில் ஒரு கேள்வியின் முன் நிற்க நேர்ந்தது. இவ்வரலாற்றில் நம் காலனி மக்கள் அதிகமாகப் பேசியதும் இப்பகுதியைத்தான்.

ஆயுள் இன்ஷ்யூரன்ஸ் கார்ப்பொரேஷன் 1956 செப்டம்பர் 1-ஆம் தேதி தோன்றியது. இருநூற்று நாற்பத்தைந்து கம்பெனிகளும் சங்கங்களும் அதில் அடங்கின. மாதச் சம்பளத்தில் வாழும் நம்மவர், பெண்ணின் கல்யாணத்துக்கும் தமக்குப்பின் மனைவியின் சோற்றுக்கும் என்று செலுத்திய பிரீமியம் முழுதும் அரசாங்கத்தின் கைக்குப் போயிற்று. ஓராண்டு நிறையுமுன், 1957 ஜூன் 25-ஆம் தேதி, கல்கத்தா வியாபாரி ஹரிதாஸ் முந்திராவின் தொடர்பிலிருந்த ஆறு கம்பெனிகளின் பங்குகளைச் சுமார் 1 கோடியே 24 லட்சம் ரூபாய்க்குக் கார்ப்பொரேஷன் வாங்கியது. முந்திரா அப்போது கடனில் மூழ்கியிருந்தார். முதலீட்டைப் பற்றி ஆலோசனை கூறவேண்டிய குழுவை எவரும் முன்கூட்டிக் கேட்கவில்லை.

1957 செப்டம்பர் 4-ஆம் தேதி டாக்டர் ராம் சுபக் சிங் மக்கள் சபையில் முதற் கேள்வியை எழுப்பினார். வந்த விடை சுருக்கமானது. உண்மை முழுதும் அதில் இல்லை. கேட்டவர்கள் அத்துடன் விட்டிருந்தால் விஷயம் ஏட்டில் ஒரு வரியோடு முடிந்திருக்கும். விடவில்லை. நவம்பர் 29-ஆம் தேதி மறுபடியும் கேள்வி வந்தது, நிதியமைச்சரே விடையளித்தார், துணைக் கேள்விகள் எழுந்தன. விடைகள் ஐயத்தைத் தீர்ப்பதற்குப் பதிலாக வளர்த்தன. டிசம்பர் 16-ஆம் தேதி பெரோஸ் காந்தி சபையில் விவாதத்தைத் தொடங்கிச் செய்தி முழுவதையும் அடுக்கி வைத்தார். இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ராம் சுபக் சிங்கும் ஆளும் காங்கிரஸ் கட்சியினர்; பெரோஸ் காந்தியும் அக்கட்சியினரே, அதனினும் மேலாகப் பிரதமர் நேருவின் மருமகன். சொந்தக் கட்சியின் அமைச்சரைச் சொந்தக் கட்சியினரே கேட்டனர்.

பம்பாய் ஹைக்கோர்ட்டின் தலைமை நீதிபதி எம். சி. சாக்ளா தனிநபர் கமிஷனாக நியமிக்கப்பட்டார். விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி வைக்க வேண்டியதாயிற்று. நிதியமைச்சரும் நிதித் துறைச் செயலாளர் எச். எம். பட்டேலும் சாட்சி கூறினர். தாம் ஒப்புதல் அளிக்கவில்லை என்பது அமைச்சரின் நிலை. அமைச்சர் அறிந்தே நடந்தது என்பது செயலாளரின் நிலை. 1958 பிப்ரவரியில் அறிக்கை வந்தது. செயலாளர் செய்ததற்கு அமைச்சரே சபைக்குப் பொறுப்பு, பின்னர் அதனை மறுத்து ஒதுங்க இயலாது என்று சாக்ளா கூறினார். உரிய காலத்திலேயே சபையை நம்பி உண்மைகள் யாவற்றையும் அதன்முன் வைத்திருக்க வேண்டும் என்றும் கூறினார். அம்மாதமே டி. டி. கே. பதவி விலகினார்.

அவர் திறமையில் எவர்க்கும் ஐயமில்லை. அரசியலமைப்பை வரைந்த குழுவில் இருந்தவர். 1962-இல் மீண்டும் மந்திரி சபைக்கு வந்து அடுத்த ஆண்டே நிதிப் பொறுப்பையும் ஏற்றவர். அதிகாரிகளின் பிழைக்கு அவர் பலியானார் என்று சொல்வோர் நம்மிடையே அன்றும் இருந்தனர், இன்றும் உளர். நாமோ வேறு விதமாக நினைக்கிறோம். பங்கு வாங்கியது ஒரு பிழை. செப்டம்பரிலேயே நேரான விடை வந்திருந்தால் அப்பிழை அளவோடு நின்றிருக்கக்கூடும். கேள்வியைக் கடந்துபோக முயன்ற விடைதான் அதனைப் பெரிதாக்கியது.

விடை எழுதுவோர் நம்மில் பலர் இருப்பதனால் இதனை ஒளிக்காமற் சொல்லலாம். "(அ) இல்லை, (ஆ) எழவில்லை" என்று இரண்டே சொல்லில் ஒரு கேள்வியைப் புதைக்கும் வித்தை நமக்குத் தெரியாததன்று. "விவரம் சேகரிக்கப்பட்டு வருகிறது, சபையின் மேஜைமீது வைக்கப்படும்" என்பது மற்றொன்று. ஆனால் இவ்விரண்டாவது சொல் எழுதியவரைப் பின்தொடர்ந்து வரும். 1953 டிசம்பரில் மக்கள் சபை அரசாங்க உறுதிமொழிகளுக்கென ஒரு குழுவை அமைத்தது. சபையில் அளித்த வாக்கை மூன்று மாதத்துக்குள் நிறைவேற்றினார்களா என்று அக்குழு கணக்குப் பார்க்கிறது. தவணை கேட்டு எழுதுவதற்கும் ஒரு பைல் வேண்டும்; அதையும் நாமே எழுதுகிறோம்.

கேள்வி நேரமே நின்றுபோன காலங்களும் உண்டு. 1962-இல் சீனப் போரின்போது நின்றது. 1975-இல் அவசரநிலை அறிவித்தபின் நின்றது. 2020 செப்டம்பரில் கொள்ளை நோயின் காரணமாக நின்றது. மூன்றாம் முறை எழுத்து மூல விடைகள் மட்டும் வந்தன. துணைக் கேள்வி இல்லை. அதாவது 1892-க்குத் திரும்பிச் சில நாட்கள் வாழ்ந்தோம்.

மற்ற நாட்களிலும் இருபது கேள்விகளும் எழுந்துவிடுவதில்லை. ஐந்தோ ஆறோ முடிவதற்குள் மணி பன்னிரண்டு அடித்துவிடும். கூச்சல் எழுந்து சபை ஒத்திவைக்கப்பட்டால் அதுவும் இல்லை. எஞ்சியவற்றின் விடைகள் அச்சில் மேஜைமீது வைக்கப்படும். பதினேழாம் எண் கேள்விக்காக இரவு பத்து மணி வரை விழித்திருந்து, அமைச்சர் எது கேட்டாலும் தடுமாறாதிருக்க ஒருவர் எழுதிய துணைக் கேள்விக் குறிப்புகள், பிரிக்கப்படாமலே மறுநாள் அவர் மேஜைக்குத் திரும்பி வரும். அவர் அதைப் பைலில் சேர்த்துக் கட்டிவிட்டு, வரும் வாரத்துப் பட்டியலில் தம் இலாகாவின் பெயர் இருக்கிறதா என்று பார்ப்பார்.