ஒரு மைக்ரோஸ்கோப் போட்டோவை வைத்து 30 லட்சம் ஆண்டு பழைய பாசியை அடையாளம் காண முடியுமா? அண்டார்டிகாவில் வெடித்த சர்ச்சை

'டயட்டம் டெஸ்ட்' - ஆற்றிலோ கிணற்றிலோ சடலம் கிடைத்த வழக்குகளில் இந்த வார்த்தையைச் செய்திகளில் கேட்டிருப்பீங்க. உயிரோடு தண்ணீரில் மூழ்கினாரா, இறந்த பிறகு வீசப்பட்டாரா என்பதற்கு ஒரு தடயமாக, உடல் உறுப்புகளுக்குள் இந்த நுண்ணிய பாசி இருக்கிறதா என்று தேடுவார்கள். அதே டயட்டம்தான், பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் கடல் எங்கே இருந்தது, பனி எங்கே உருகியது என்பதற்கும் சாட்சி. ஆனால் அந்தச் சாட்சி யார் என்று சரியாக அடையாளம் காண வேண்டும். சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

அண்டார்டிகாவில் என்ன சண்டை?

1984-ல் பீட்டர் வெப், டேவிட் ஹார்வுட் உள்ளிட்ட விஞ்ஞானிகள் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். அண்டார்டிகாவின் நடுவே ஓடும் டிரான்ஸ்அண்டார்டிக் மலைத்தொடரில், பனிப்பாறைகள் இழுத்துவந்து கொட்டிய 'சிரியஸ்' என்ற மண்-கல் படிவு இருக்கிறது. அதற்குள் கடலில் வாழும் டயட்டம்களின் புதைபடிவம் கிடைத்தது. மலை மேலே கடல் பாசி!

அதில் சில, சுமார் 30 லட்சம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த இனங்கள். அப்படியானால் அந்தக் காலத்தில் கிழக்கு அண்டார்டிகாவின் பனி பெருமளவு உருகி, உள்ளே கடல் புகுந்திருக்க வேண்டும். பிறகு திரும்பி வளர்ந்த பனி, கடலடி மண்ணைச் சுரண்டி மலைக்குத் தள்ளியிருக்க வேண்டும் என்றார்கள். கிழக்கு அண்டார்டிகா பனி முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் 50 மீட்டருக்கு மேல் உயரும். அந்தக் காலத்துக் காற்றில் இருந்த கார்பன் டை ஆக்சைடும் ஏறக்குறைய இன்றைய அளவுதான். அதனால்தான் ஒரு பாசி ஓட்டை வைத்து 30 ஆண்டுகள் சண்டை ஓடியது.

டயட்டம் என்பது என்ன?

ஒரே செல் கொண்ட பாசி. ஆனால் உடலைச் சுற்றி சிலிக்காவால், அதாவது கண்ணாடி போன்ற பொருளால், ஓடு கட்டிக்கொள்ளும். சோப்பு டப்பா மாதிரி ஒரு மூடி, ஒரு அடிப்பாகம். பாசி செத்தாலும் ஓடு கடலடியில் தங்கிவிடும். பெரும்பாலானவை 10 முதல் 200 மைக்ரான் அளவு. நம் தலைமுடியின் தடிமன் 70 மைக்ரான் அளவில் இருக்கும். கோடிக்கணக்கில் சேர்ந்து இறுகினால் வெள்ளை மண்ணாகிவிடும். 1867-ல் ஆல்ஃபிரட் நோபல் காப்புரிமை பெற்ற டைனமைட்டில், நைட்ரோகிளிசரினை உறிஞ்சி வைத்துக்கொண்டது இந்த மண்தான்.

புதைபடிவ டயட்டம் பார்ப்பவர்களுக்கு நியூசிலாந்தின் ஓமரூ என்ற ஊர் ஒரு புனிதத் தலம் மாதிரி. அங்குள்ள படிவு 3 கோடி ஆண்டுகளுக்கும் மேல் பழையது. முக்கோணம், சூரியன், சிலந்தி வலை என விதவிதமான வடிவங்கள். 1886-87-ல் குரோவ், ஸ்டர்ட் இருவரும் இதை லண்டன் க்வெக்கெட் மைக்ரோஸ்கோப் கிளப்பின் இதழில் விவரித்தார்கள். இன்றுவரை உலகமெங்கும் அதன் ஸ்லைடுகளைப் போட்டோ எடுக்கிறார்கள்.

மண்ணிலிருந்து ஸ்லைடு வரை

மண்ணை அப்படியே வைத்துப் பார்த்தால் வெறும் தூசிதான் தெரியும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் சுண்ணாம்பைக் கரைக்கும், ஹைட்ரஜன் பெராக்சைடு கரிமக் கழிவை எரிக்கும், பிறகு களிமண் போகும்வரை பலமுறை தண்ணீரில் கழுவ வேண்டும். இதெல்லாம் ஆய்வகத்தில் செய்ய வேண்டிய வேலை, சமையலறையில் முயற்சி வேண்டாம்.

அடுத்த படியில் பலர் கோட்டை விடுவார்கள். தண்ணீருக்குள் போட்ட கண்ணாடித் துண்டு கண்ணுக்குச் சரியாகத் தெரியாது, இல்லையா? டயட்டம் ஓடும் அப்படித்தான். அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.45. சாதாரண ஸ்லைடுக்குப் பயன்படுத்தும் கனடா பால்சம் பிசினுக்கு 1.53 அளவு, இரண்டும் நெருக்கம் என்பதால் ஓட்டின் துளைகள் மங்கிவிடும். அதனால் 1.7 அளவு உள்ள நாஃப்ராக்ஸ் போன்ற பிசினில் பதிப்பார்கள். வித்தியாசம் கூடக்கூட ஓடு பளிச்சென்று தெரியும்.

போட்டோ எப்படி ஏமாற்றும்?

ஓட்டின் ஒரு துளையை ஃபோகஸ் செய்யுங்க. வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். ஃபோகஸ் திருகை இம்மி நகர்த்தினால் அதே இடம் கறுப்புப் புள்ளி! அது துளையா, மேடா என்று ஒரே படத்தை வைத்துச் சொல்லவே முடியாது. அனுபவசாலிகள் ஒவ்வொரு ஓட்டையும் மேலிருந்து கீழாகப் பல படங்கள் எடுத்து வைப்பது அதற்காகத்தான்.

அந்தப் படங்களைக் கணினியில் ஒன்றாக இணைத்து முழுவதும் துல்லியமான ஒரே படமாக்கும் 'ஃபோகஸ் ஸ்டாக்கிங்' இப்போது பிரபலம். பார்க்க அருமையாக இருக்கும். ஆனால் மேல் மூடியின் கோடும் கீழ் மூடியின் கோடும் ஒரே படத்தில் கலந்து, இயற்கையில் இல்லாத ஒரு வடிவம் உருவாகிவிடலாம். சுவரில் மாட்ட ஸ்டாக் படம், பெயர் வைக்க தனித்தனிப் படம் - இதுதான் பாதுகாப்பான வழி.

ஒளிக்கும் ஓர் எல்லை உண்டு. மிக நல்ல 100 மடங்கு ஆயில் லென்ஸிலும் சுமார் 0.2 மைக்ரானுக்குக் குறைவான இடைவெளி பிரியாது. ஆம்ஃபிப்ளூரா பெலுசிடா என்ற டயட்டமில் 10 மைக்ரானுக்குள் 37-க்குக் குறையாத வரிகள் இருக்கும். அதைப் பிரித்துக் காட்டுகிறதா என்று பார்த்தே 19-ம் நூற்றாண்டில் லென்ஸை எடை போட்டார்கள். அதற்கும் நுணுக்கமானதைப் பார்க்க எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப்தான். மொபைல் கேமராவை ஐபீஸில் வைத்து எடுக்கும் படம் பொதுவான வடிவத்தைக் காட்டும், அவ்வளவுதான்.

அப்போ பெயர் எப்படி வைக்கிறார்கள்?

வட்டமா, நீளமா, நடுவில் ரேஃப் என்ற பிளவு உண்டா, 10 மைக்ரானில் எத்தனை வரி என்று எண்ணுவார்கள். இதற்கு அளவுகோல் கட்டாயம். 1 மில்லிமீட்டரை 100 பாகமாகப் பிரித்த கண்ணாடி ஸ்கேலை அதே லென்ஸில் ஒருமுறை படம் எடுத்து வைத்தால் போதும். அளவு இல்லாத படம், முகவரி இல்லாத கடிதம்.

நீளத்தை மட்டும் நம்பினாலும் தப்பு. டயட்டம் பிரியும்போது டப்பாவின் இரண்டு பாதிகளும் தனித்தனியாகப் போய், ஒவ்வொன்றும் தனக்குள் அடங்கும் புதிய அடிப்பாகத்தைச் செய்துகொள்ளும். அதனால் தலைமுறைக்குத் தலைமுறை ஒரு பகுதி சிறுத்துக்கொண்டே வரும், சிலவற்றில் வடிவமும் மாறும். தாத்தாவும் பேரனும் வேறு வேறு இனம் போலத் தெரிவார்கள்! பக்கவாட்டில் விழுந்து கிடந்தால் வட்டமான ஓடும் செவ்வகமாகத் தெரியும். வரி நெருக்கம் மட்டும் பெரும்பாலும் அவ்வளவாக மாறாது, அதனால்தான் அதை எண்ணுகிறார்கள்.

இத்தனைக்கும் பிறகு பெயர் சரியாகவே கிடைத்தாலும், அந்த ஓடு அங்கே எப்படி வந்தது என்ற கேள்வி மிச்சம் இருக்கும். பழைய படிவு அரிக்கப்பட்டு புதிய மண்ணில் கலக்கலாம். ஆய்வகத் தண்ணீரிலிருந்தே கூட வரலாம். வடிகட்டிகளில் இதே டயட்டம் மண் பயன்படுகிறதே. எனவே ஊர், படிவு அடுக்கு, ஆழம் எழுதாத ஸ்லைடு அழகுப் பொருள் மட்டுமே.

சிரியஸ் சண்டை திரும்பியது இந்த இடத்தில்தான். டயட்டம்களின் வயதை விட, அவை வந்த வழிதான் பெரிய கேள்வியானது. 1996-ல் லாய்ட் பர்க்கிள் குழு, அண்டார்டிகாவின் மிகப் பழைய பாறைகளிலும் அதே காலத்து டயட்டம்களைக் கண்டது. அவற்றில் எரிகுழம்பு இறுகி உருவான பாறையும் உண்டு. அதற்குள் கடல் பாசி வாழ்ந்திருக்க முடியாது. காற்று கொண்டுவந்து விரிசல்களில் சேர்த்திருக்க வேண்டும்.

2016-ல் ரீட் ஷெரர் குழு இன்னொரு பதில் தந்தது. காற்றுதான் கொண்டுவந்தது, சரி. ஆனால் காற்று தூக்கிச் செல்ல அந்த மண் எங்கிருந்து வெளியே வந்தது? அவர்களின் கணினி மாதிரிப்படி, வில்க்ஸ், அரோரா படுகைகளில் பனி பின்வாங்கி கடல் புகுந்தது. பனியின் பாரம் நீங்கியதும் கடலடி மெல்ல உயர்ந்து, காய்ந்து, டயட்டம் தூசியாகப் பறந்தது. 1984-ல் சொன்ன அளவுக்கு இல்லாவிட்டாலும், பனி பின்வாங்கத்தான் செய்தது என்பது அந்தக் குழுவின் முடிவு.